விலை குறைந்தது; வித்தை யாருடையது?

2017-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 13-ந் தேதி தேசிய மருந்து விலை நிர்ணய அதிகாரசபை ஓர் உத்தரவு பிறப்பித்தது. இருதயத்து ரத்தக் குழாயில் அடைப்பு நேர்ந்தால் அதனுள் வைக்கப்படும் ‘ஸ்டென்ட்’ என்னும் சிறு உலோகக் கூட்டிற்கு இனி இன்ன தொகைக்கு மேல் வாங்கலாகாது என்பதே அவ்வுத்தரவின் சாரம். அதுவரை சராசரியாக 45,100 ரூபாய் விலை குறிக்கப்பட்டிருந்த மருந்து பூசாத ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும், 1,21,400 ரூபாய் குறிக்கப்பட்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும் உச்ச வரம்பாக விதிக்கப்பட்டன. அதற்குப் பின் வந்த வருஷங்களில் இவ்வரம்பு திருத்தப்பட்டும் சிறிது உயர்ந்தும் வந்திருக்கிறது. எனினும் பழைய விலை திரும்பவில்லை. நிலத்தை அடகு வைத்தும் நகையை விற்றும் தகப்பனாரின் உயிரை மீட்க வேண்டியிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இவ்வுத்தரவு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

இவ்வுத்தரவு தானாக வந்ததன்று. டில்லி ஹைகோர்ட்டில் வக்கீல் ஒருவர் பொதுநல வழக்குத் தொடுத்தார். பின்னர் 2016 ஜூலை மாதத்தில் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. அதன் பேரிலேயே விலைக்கு வரம்பு கட்டும் அதிகாரம் சர்க்காருக்குக் கிட்டியது. உத்தரவுக்கு முன்னதாக அதிகாரசபை வெளியிட்ட கணக்கைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். சில இனங்களில் ஆஸ்பத்திரிகள் வைத்த லாபம் மட்டுமே 600 சதவீதத்துக்கு மேற்பட்டிருந்தது. ஆகவே நோயாளி கொடுத்த பணத்தில் பெரும்பகுதி உலோகத்துக்கும் போகவில்லை, அதை உருவாக்கிய வேலைக்கும் போகவில்லை. பொருள் கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் தங்கிவிட்டது என்பது ருஜுவாயிற்று. அந்த அநியாயத்துக்குச் சட்டம் ஒரு முடிவு கட்டியது. அதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

ஆனால் உத்தரவு வந்த சில வாரங்களுக்குள் நடந்த ஒரு சம்பவம் நம் சிந்தனைக்குரியது. வெளிநாட்டுக் கம்பெனிகள் சில, தங்கள் உயர்தர ஸ்டென்டுகளை இந்தியச் சந்தையிலிருந்து வாபஸ் பெற்றுக்கொள்ள அனுமதி கோரின. ஆறு மாத காலத்துக்கு உற்பத்தியையும் விநியோகத்தையும் குறைக்கலாகாது என்று சர்க்கார் தனியாக ஆணையிட நேர்ந்தது. விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் நமக்கு உண்டு. பொருளை நிறுத்திக்கொள்ளும் சக்தி இன்னொருவருக்கு உண்டு என்னும் உண்மை அன்று வெளிச்சமாயிற்று. சட்டத்தின் எல்லை அது. கெஜட்டில் அச்சிட்டு விலையை இறக்கலாம். வித்தையை அவ்விதம் வரவழைக்க இயலாது. ஆகவே இந்தச் சிறு பொருளைச் செய்யும் வித்தைதான் யாது, அது இப்பொழுது யார் கையில் இருக்கிறது, நம் கையில் எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பது அவசியமாகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஸ்டென்ட் என்பது ஈர்க்குச்சியளவு குழாய். அதன் சுவர் முழுவதும் கண்ணி கண்ணியாக வெட்டப்பட்டிருக்கும். சுருங்கிய நிலையில் ஒரு சிறு பலூனின்மேல் ஏற்றி, கை அல்லது தொடையின் ரத்தக் குழாய் வழியே இருதயத்துக்குச் செலுத்துவார்கள். அடைப்புள்ள இடத்தில் பலூனை விரித்தால் கண்ணிகளும் விரிந்து குழாயின் சுவரைத் தாங்கி நிற்கும். பலூனை எடுத்துவிடலாம், ஸ்டென்ட் ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கும். 1977-ல் ஜூரிக் நகரத்தில் ஆன்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக் என்னும் டாக்டர் பலூன் சிகிச்சையைத் தொடங்கினார். விரிந்த குழாய் மறுபடி சுருங்கிப்போகும் தொல்லைக்குப் பரிகாரமாக, 1986-ல் பிரான்ஸில் ழாக் ப்யுவேல், ஸ்விட்ஸர்லாந்தில் உல்ரிக் ஸிக்வர்ட் ஆகியோர் மனித இருதயத்தில் முதன்முதலாக ஸ்டென்ட் வைத்தார்கள். அர்ஜென்டினாவில் பிறந்த ஜூலியோ பால்மஸ், சுவரில் சாந்து பிடிப்பதற்காகக் கொத்தர்கள் பயன்படுத்தும் கண்ணித் தகட்டைப் பார்த்து, பலூனால் விரியும் ஸ்டென்டைக் கற்பனை செய்தார் என்பர். நம் தேசத்தில் பலூன் சிகிச்சைக்கு முன்னோடியாக விளங்கிய டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் சென்னையில்தான் அதைச் செய்து காட்டினார் என்பது நமக்கெல்லாம் பெருமை தருவது.

இந்தக் கண்ணிகளின் கம்பிகள் எவ்வளவு மெல்லியவை என்பதில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. மெல்லியதாகச் செய்வது அழகுக்காக அன்று. 2001-ல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியில் 651 நோயாளிகளுக்கு இருவகை ஸ்டென்ட் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றின் கம்பிக் கனம் 50 மைக்ரான். மற்றதன் கனம் 140 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். கனத்த கம்பி வைத்தவர்களில் 25.8 சதவீதத்தினருக்கு ரத்தக் குழாய் மறுபடி சுருங்கியது. மெல்லிய கம்பி வைத்தவர்களில் 15 சதவீதத்தினருக்கே அவ்வாறு நேர்ந்தது. மயிரிழை வித்தியாசம் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, அந்த மயிரிழை வித்தியாசம் இங்கே நூறு பேரில் பத்துப் பேரைக் காப்பாற்றியது. அதன் பின் கம்பிகள் மேலும் மேலும் மெலிந்து வந்திருக்கின்றன.

கம்பி மெலிய மெலிய, அதை வெட்டும் கருவியின் யோக்கியதை உயர வேண்டும். இரும்பு உளியோ ரம்பமோ இங்கே உதவாது. தொட்ட மாத்திரத்தில் குழாய் நசுங்கிப்போகும். ஆகையால் தொடாமலே அறுக்கும் லேஸர் கிரணத்தைக் கொண்டு ஸ்டென்ட் செய்கிறார்கள். கிரணம் ஓரிடத்தில் நிற்கும். சுமார் 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கோபால்ட்-குரோமியக் குழாய் அதன் கீழே கம்ப்யூட்டரின் கட்டளைப்படி சுழன்றும் முன்பின் நகர்ந்தும் வரும். கிரணம் பட்ட இடம் உருகும். பக்கத்திலிருந்து பாயும் வாயு அந்த உருகலை ஊதித் தள்ளும். ஒருபுறம் அறுக்கும் கிரணம் எதிர்ப்புறத்துச் சுவரையும் சுட்டுவிடாதபடி குழாயின் உள்ளே தண்ணீர் ஓடவிடுவதும் உண்டு. அறுபட்ட கோட்டின் அகலம் சுமார் 20 மைக்ரான். இவ்வளவுக்கும் தேவைப்படும் சக்தி சொற்பம். பலம் இங்கே கேள்வியே அன்று. கிரணத்தின் உருவம்தான் கேள்வி.

கிரணத்துக்கு உருவம் ஏது என்று நேயர்கள் கேட்கலாம். சாதாரண லேஸர் கிரணத்தில் வெளிச்சம் எங்கும் ஒரே சீராக இராது. நடுவில் உக்கிரமாகவும் ஓரத்தை நோக்கிப் போகப் போகத் தணிந்தும் இருக்கும். மணற்குவியல் ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். இக்குவியலின் உச்சி உலோகத்தைத் துளைத்துக்கொண்டு போகும்பொழுது அதன் சரிவுகள் அறுக்கவும் மாட்டாமல் சும்மாவும் இராமல் இருபுறத்து உலோகத்தையும் வேகவைக்கும். அதனால் ஓரத்தில் உருகிய கசடு ஒட்டும். வெட்டுச் சுவர் செங்குத்தாக நில்லாமல் சரியும். உலோகத்தின் உட்கட்டு மாறி, விரியும்பொழுது வெடிக்கும் அபாயம் ஏற்படும். 140 மைக்ரான் கம்பியில் பத்து மைக்ரான் கெட்டால் அமிலத்திலும் மின்சார மெருகிலும் அதைக் கரைத்துவிடலாம். 60 மைக்ரான் கம்பியில் இருபுறமும் பத்துப் பத்து மைக்ரான் கெட்டுப்போனால் எஞ்சுவது என்ன? ஆகவே கிரணம் புறப்பட்ட உருவத்திலேயே அதை உலோகத்தின்மேல் விடாமல், வேண்டிய உருவத்துக்கு வார்த்து விடும் வித்தை பிறந்தது.

இவ்வித்தை இருவகைப்படும். முதலாவது, இடத்தில் உருவம் கொடுப்பது. நுண்ணிய கோடுகள் பொறித்த கண்ணாடியின் வழியே கிரணத்தைச் செலுத்தினால் மணற்குவியல் மட்டப்பட்டு மேஜை போல் ஆகும். எங்கும் ஒரே உக்கிரம். வேறொரு கண்ணாடியினால் நடுவில் வெளிச்சம் குறைந்த வளையமாகவும் ஆக்கலாம். கைக்கடிகாரத்திலும் டெலிவிஷனிலும் உள்ள திரவப் படிகத் திரையைப் போன்ற ஒரு திரையைக் கொண்டு, வேலை நடந்துகொண்டிருக்கும்பொழுதே உருவத்தை மாற்றவும் இயலும். 

இரண்டாவது, காலத்தில் உருவம் கொடுப்பது. ஒரு வினாடியைக் கோடி பங்காக்கி, அப்பங்குகளில் ஒன்றை மறுபடி கோடி பங்காக்கி, அதில் ஒன்றைப் பத்தாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ வினாடி. சில நூறு ஃபெம்டோ வினாடிகளே நீடிக்கும் துடிப்புகளாகக் கிரணத்தைத் துண்டித்து விட்டால் ஓர் ஆச்சரியம் நிகழ்கிறது. வெளிச்சத்தை முதலில் வாங்குவது உலோகத்தின் எலெக்ட்ரான்கள். அவை அந்த உஷ்ணத்தை அணுக்களுக்குக் கொடுப்பதற்குச் சில ஆயிரம் ஃபெம்டோ வினாடிகள் ஆகும். அதற்குள் துடிப்பு முடிந்துவிடுகிறது. உஷ்ணம் பரவ அவகாசமில்லாமலே உலோகம் ஆவியாகிப் பறந்துவிடுவதால், அக்கம்பக்கம் பெரும்பாலும் வேகாமல் நிற்கிறது. துடிப்புகளை மிக நெருக்கமாக விட்டால் இங்கும் உஷ்ணம் சேர்ந்துவிடும். அதை அளந்து விடுவது தொழிலாளியின் சாமர்த்தியம். இவ்வளவு குறுகிய துடிப்பை முதலில் நீட்டி, பிறகு பலப்படுத்தி, மீண்டும் சுருக்கும் முறையை 1985-ல் அமெரிக்காவிலுள்ள ராச்செஸ்டர் சர்வகலாசாலையில் ஜெரார் மூரூ என்னும் ஆசிரியரும் அவருடைய மாணவி டோனா ஸ்ட்ரிக்லாண்டும் கண்டறிந்தார்கள். 2018-ல் இருவருக்கும் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

இவ்வித்தை அறுப்பதோடு நிற்கவில்லை. சின்னஞ்சிறு உலோகப் பாகங்களை ஒளியாலேயே கட்டி எழுப்பவும் இது வந்துவிட்டது. மாவு போன்ற உலோகத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேஸரால் உருக்கி, அதன்மேல் அடுத்த படலத்தைப் பரப்பி, இப்படிப் படிப்படியாகப் பாகத்தை வளர்ப்பது அம்முறை. ஜெர்மனியில் ஆகன் நகரத்து ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சிச் சாலையார் இதற்கு 1996-ல் பேட்டண்ட் விண்ணப்பம் செய்தார்கள். இங்கும் அதே நோய், அதே மருந்து. குவியலான கிரணத்தின் உச்சி உருகிய உலோகத்தில் ஆழமான குழி பறிக்கிறது. குழி மூடிக்கொள்ளும்பொழுது உள்ளே காற்றுக்குமிழி சிறைப்படுகிறது. பாகம் பார்வைக்குத் திடமாகவும் உள்ளே பொத்தலாகவும் ஆகிறது. கிரணத்தை வளையமாக்கினால் உஷ்ணம் பரவலாக விழுந்து குழி ஆழமாவதில்லை, தெறிப்பும் குறைகிறது. அமெரிக்காவிலுள்ள லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிச் சாலையார் ‘பெஸல்’ கிரணம் என்னும் உருவத்தைத் துருப்பிடியாத எஃகுத் தூளின்மேல் செலுத்தி நல்ல பலன் கண்டதாக 2021-ல் பிரசுரித்தார்கள். ஒரே கண்ணாடி இழையின் நடுக்கருவிலும் அதைச் சூழ்ந்த வளையத்திலும் சக்தியை வேண்டியபடி பங்கிட்டு அனுப்பும் லேஸர்கள் இப்பொழுது விலைக்கே கிடைக்கின்றன.

நிற்க. வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு ஒரு கேள்வி உடனே எழும். இவற்றுக்கெல்லாம் பேட்டண்ட் இருக்குமே, அந்த வேலியை நாம் எப்படித் தாண்டுவது என்பதே அது. வேலி இருந்தது வாஸ்தவம். ஸ்டென்ட் பேட்டண்ட் வழக்குகளைத் தீர்த்துக்கொள்வதற்காக ஓர் அமெரிக்கக் கம்பெனி மற்றொரு கம்பெனிக்கு 2010-ல் 172 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அவ்வளவு உயரமான வேலி! ஆனால் பேட்டண்ட் என்பது குத்தகை போன்றது. காலம் தீர்ந்தால் நிலம் பொதுவாகிவிடும். 1985-ல் விண்ணப்பித்த பால்மஸின் மூல உரிமை எப்பொழுதோ காலாவதியாகிவிட்டது. ஆகன் நகரத்தாரின் மூல உரிமையும் 2016-ல் முடிந்தது. வேலி அகன்ற பின்பும் இத்தொழிலில் தலைநிமிர்ந்து நிற்கும் தேசங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே. காரணம் யாது? பேட்டண்ட் பத்திரத்தில் எழுதியிருப்பது எலும்புக்கூடு. எந்தக் குழாய்க்கு எந்த உருவம், எவ்வளவு இடைவெளியில் துடிப்பு, எந்த வேகத்தில் சுழற்சி, எந்த அமிலத்தில் எத்தனை நிமிஷம் என்னும் ரத்தமும் சதையும் பட்டறைக் குறிப்பேட்டில்தான் இருக்கும். அக்குறிப்பேட்டை எந்த நீதிமன்றமும் நமக்கு வாங்கித் தராது. நாமேதான் எழுத வேண்டும்.

நம்மால் எழுத முடியுமா என்று சந்தேகிப்பவர்களுக்கு இரண்டு சாட்சியங்களைக் காட்டுவோம். கனரகத் தகடுகளை அறுக்க நெடுங்காலம் உலகெங்கும் வழங்கிய கரியமில வாயு லேஸரை 1964-ல் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். மஹாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்து, பூனா எஞ்சினீயரிங் கலாசாலையில் பயின்றவர். ஆனால் அவர் அதைக் கண்டுபிடித்தது பூனாவிலன்று. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில். மூளை நம்முடையதாக இருந்தும் பட்டறை நம்முடையதாக இல்லாவிட்டால் பலன் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ருஜு வேண்டியதில்லை.

இரண்டாவது சாட்சியம் சூரத் நகரம். உலகத்து வைரங்களில் பெரும்பகுதியை அறுத்துப் பட்டை தீட்டுவது அவ்வூர். அங்கே வைரம் அறுப்பதற்கு லேஸர் யந்திரங்களைச் செய்து பழகிய சகஜானந்த் குழுவினர், அதே நுட்பத்தை இருதயத்தின் பக்கம் திருப்பி, 1998-ல் மருத்துவ உபகரணக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். கல்லை அறுக்கக் கற்ற கை உலோகக் குழாயை அறுக்கவும் கற்றது. அவர்கள் செய்த 60 மைக்ரான் கம்பியுள்ள ஸ்டென்டையும், அப்பாட் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் பெயர்பெற்ற 81 மைக்ரான் ஸ்டென்டையும் ஐரோப்பிய டாக்டர்கள் ஒப்பிட்டுப் பரீக்ஷித்தார்கள். 23 ஆஸ்பத்திரிகளில் 1,435 நோயாளிகள் இதில் கலந்துகொண்டார்கள். 2019-ல் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. ஒரு வருஷத்துக்குள் ஸ்டென்ட் சம்பந்தமான கெடுதல் நேர்ந்தவர்கள் சூரத் ஸ்டென்ட் வைத்தவர்களில் 4.9 சதவீதம், அமெரிக்க ஸ்டென்ட் வைத்தவர்களில் 5.3 சதவீதம். ஒன்று மற்றதற்குத் தாழ்ந்ததன்று என்பதே தீர்ப்பு. ஒரே ஒரு பரீக்ஷையைக் கொண்டு நாம் ஜயபேரிகை கொட்ட வேண்டியதில்லை. ஆனால் உள்நாட்டுச் சரக்கு மட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் உரிமை அன்றோடு பறிபோயிற்று.

இனி, குறையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். சூரத்திலும் வாபியிலும் ஸ்டென்ட் அறுபடுகிறது. அறுக்கும் கிரணம் பிறப்பது எங்கே? ஃபெம்டோ வினாடி லேஸரின் மூலக் கருவியை உலகச் சந்தைக்குச் செய்து அனுப்புபவர்கள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் லிதுவேனியாவிலும் இருக்கிறார்கள். நம் தொழிற்சாலைகள் பெரும்பாலும் அவர்களிடமே தருவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிரணத்துக்கு உருவம் கொடுக்கும் கண்ணாடிகளும், உயர்தரக் குழாய்களும் அவ்வாறே. லிதுவேனியாவின் பெயரை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஜனத்தொகை முப்பது லட்சத்துக்கும் குறைவு. 1990-ல்தான் சோவியத் பிடியிலிருந்து விடுதலை பிரகடனம் செய்தது. வில்னியூஸ் சர்வகலாசாலையில் முன்னமே வேரூன்றியிருந்த லேஸர் ஆராய்ச்சியைக் கைவிடாமல், சுதந்திரம் வந்த சில வருஷங்களுக்குள் அதைத் தொழிலாக மாற்றிக்கொண்டது. சென்னை நகரத்தின் ஜனத்தொகைகூட இல்லாத ஒரு தேசம் செய்ததை, இந்தூரில் 1984 முதல் லேஸர் ஆராய்ச்சியும் நடத்தும் ஒரு பெரிய நிலையம் வைத்திருக்கும் நாம் செய்ய இயலாது என்பதற்கு நியாயம் ஏது? 

விலை வரம்பே இத்தொழிலைக் கொன்றுவிடும் என்று ஒரு சாரார் வாதிக்கின்றனர். மருந்து பூசிய எல்லா ஸ்டென்டுக்கும் ஒரே வரம்பு விதித்தால், மேலும் மெல்லியதாக, மேலும் நேர்த்தியாகச் செய்ய யார் முன்வருவார் என்பது அவர்களுடைய கேள்வி. இதில் ஓரளவு உண்மை உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. லாபம் குறுகிய ஓர் உற்பத்தியாளர் புதிய லேஸர் வாங்குவதை ஒத்திப்போடலாம். மெருகுக்குச் செலவிடும் நேரத்தைக் குறைக்கலாம். ஆனால் இதற்குப் பரிகாரம் வரம்பை நீக்குவதன்று. முன்பு வரம்பில்லாத காலத்தில் வந்த உபரிப் பணம் பட்டறைக்கா போயிற்று? கணக்கை மேலே கண்டோம். தம் பொருள் மேலானது என்பவர், அதனால் நோயாளிக்கு நன்மை அதிகம் என்பதைப் பரீக்ஷையால் நிரூபிக்கட்டும். நிரூபிக்கும் பாரம் உரிமை கோருபவர் மீதே. நிரூபித்தால் தனி விலை கொடுப்பதில் தவறில்லை. அதே சமயம், 2018 ஜனவரி முதல் அமலிலிருக்கும் மருத்துவ உபகரண விதிகளின்படி தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அதிகாரிகள், சுதேசிப் பொருள் என்ற காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. கசடு ஒட்டிய ஸ்டென்ட் எந்த ஊரில் செய்யப்பட்டாலும் ரத்தத்தை உறையவே செய்யும்.

செய்ய வேண்டிய காரியங்கள் மூன்று. முதலாவது, மூல லேஸர். 3,420 கோடி ரூபாய் ஒதுக்கி மருத்துவ உபகரண உற்பத்திக்குச் சர்க்கார் ஊக்கத்தொகை அளிக்கிறார்கள். முடிந்த பொருளின் விற்பனையை மட்டும் அளந்து கொடுக்கும் பணம், கிரணத்தை இறக்குமதி செய்து குழாயை அறுப்பவருக்கும், கிரணத்தையே இங்கு செய்பவருக்கும் வித்தியாசம் பாராது. அவ்வித்தியாசத்தைப் பார்க்கும் திட்டம் வேண்டும். இரண்டாவது, குழாய். ஹைதராபாத்தில் 1973-ல் ஏற்பட்ட மிச்ர தாது நிகம் விசேஷ உலோகங்களை உருக்குவதில் கைதேர்ந்தது. மயிரிழைச் சுவருள்ள குழாய் இழுக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்து, காலக்கெடுவும் விதிக்க வேண்டும்.

மூன்றாவது நம் வீட்டுக் காரியம். மருத்துவ உபகரணப் பூங்கா அமைக்க மத்திய சர்க்கார் தெரிந்தெடுத்த நான்கு ராஜ்யங்களில் தமிழ்நாடும் ஒன்று, இடம் ஒரகடம். ஒரு பூங்காவுக்கு நூறு கோடி ரூபாய் வரை உதவி என்பது திட்டம். அந்த உதவி பொது வசதிகளுக்கானது. பொது வசதி என்றவுடன் சாலையும் சாக்கடையும் விளக்குக் கம்பமும் நினைவுக்கு வருவது அதிகாரிகளின் சுபாவம். இங்கே வேண்டிய பொது வசதி வேறு. சிறு முதலாளி ஒருவர் தம் குழாயை எடுத்துக்கொண்டு வந்து, ஃபெம்டோ வினாடி லேஸரில் வைத்து, குவியலாகவும் மேஜையாகவும் வளையமாகவும் கிரணத்தை மாற்றிப் பார்த்து, வெட்டு முகத்தை நுண்பெருக்கியில் சோதித்து, குறிப்பெழுதிக்கொண்டு போகும் ஒரு பொதுப் பட்டறை வேண்டும். அவருக்குத் துணை நிற்கத் தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் படித்த நம் பிள்ளைகள் வேண்டும். அப்பிள்ளைகளுக்கு வெளிச்சத்தை உளி போலப் பிடிக்கும் பயிற்சி தமிழிலேயே அளிக்கப்பட வேண்டும். ஒரு யந்திரத்தின் விலை கோடிக்கணக்கில் இருக்கலாம். பத்துச் சிறு முதலாளிகள் தனித்தனியே வாங்க இயலாததை ஒரு ராஜ்யம் ஒரு முறை வாங்கிப் பொதுவில் வைக்க இயலும்.

அரசியலில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டென்டின் விலை என்ன என்று சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் பலமுறை கேட்டாயிற்று; அதனால் நன்மையும் விளைந்தது. இனிக் கேட்க வேண்டியது வேறு. ஒரகடத்தில் பொதுப் பட்டறை உண்டா? உண்டென்றால் எத்தனை லேஸர், எத்தனை பயிற்சி மாணவர்? அந்த லேஸர்களின் மூலக் கருவி எந்த வருஷத்துக்குள் இந்த மண்ணில் செய்யப்படும்? தொகுதி அங்கத்தினரைச் சந்திக்கும்பொழுதெல்லாம் இக்கேள்விகளை விடாமல் கேட்டு வாருங்கள். ஒரு வக்கீல் தொடுத்த வழக்கினால் 2017-ல் ஏழையின் இருதயத்துக்கு மலிவு விலையில் ஸ்டென்ட் கிடைத்தது. அதை எவரும் நிறுத்திக்கொள்ள முடியாதபடி செய்வது வழக்கினால் ஆகாது, வேலையினால்தான் ஆகும். அவ்வேலையைத் தொடங்கும்படி சர்க்காரை நெருக்குவது நம் கடமை.